தேவன், கடவுள், ஆண்டவர்: தமிழ்த் திருச்சபைகளின் வழிபாட்டு மொழிச் சிக்கல்

தமிழ் பேசும் கிறித்தவர்கள் பல சபையினராகப் பிரிந்திருப்பினும் ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 18 முதல் 25 வரை நிகழும் கிறித்தவ ஒன்றிப்பு வாரத்தில் ஒரே கூரையின்கீழ்க் கூடிச் செபிப்பதுண்டு. இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த செபத்தை அனைவரும் சேர்ந்து சொல்லத் தொடங்கும்போது அங்கு ஒரு தடுமாற்றம் நேர்கிறது. சீர்திருத்தச் சபையினர் 'பரமண்டலம்' என்னும் சொல்லோடு தொடங்குவர். கத்தோலிக்கர் 'விண்ணுலகு' என்னும் சொல்லோடு தொடங்குவர். இரு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சென்று, இறுதியில் 'ஆமென்' என்னும் எபிரேயச் சொல்லில்தான் ஒன்றாகும். பொதுவான செபம் ஒன்றை இரு சாராரும் நெஞ்சாரச் சொல்கின்றனர்; ஆனால் சேர்ந்து சொல்ல இயலவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர் 44,18,331 பேர், மக்கள்தொகையில் 6.12 விழுக்காட்டினர். இச்சிறுபான்மையினரின் திருச்சபைகள் இன்று எதிர்கொள்ளும் அறைகூவல்கள் பல. சபைக்குள் தொடரும் சாதி வேறுபாடு, தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்படுதல், தொன்மையான சபைகளிலிருந்து பெந்தெகொஸ்தே சபைகளுக்கு உறுப்பினர் இடம்பெயர்தல், ஆங்கிலவழிக் கல்வி பெற்ற இளையோர் தாய்மொழி வழிபாட்டிலிருந்து விலகுதல் ஆகியன பலராலும் பேசப்படுகின்றன. இவை யாவற்றிலும் ஊடுருவி நிற்கும் மொழிச் சிக்கல் தனியே நோக்கத்தக்கது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பு வரலாற்றின் படிவுகள் இன்றைய சபை உறுப்பினரின் நாவில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஓர் அடுக்கைத் தொட்டால் மற்றோர் அடுக்கு அசைகிறது.

கடன்சொற்களும் அவற்றின் எச்சங்களும்

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1530களில் தொடங்கிய மதமாற்றமும், 1542இல் பிரான்சிஸ் சவேரியாரின் வருகையும் தமிழில் கிறித்தவக் கலைச்சொற்களின் தேவையை உண்டாக்கின. 1554இல் லிசுபனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் சிறுநூலில் தமிழ் உரோமன் எழுத்துகளில் இடம்பெற்றது. 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளைக் கொண்டு வெளிவந்தது. மறு ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சேறியது. இவ்விரண்டையும் ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் இறைவனைத் 'தம்பிரான்' என்று அழைத்தார். சமயக் கருத்துகள் பலவற்றிற்குப் போர்ச்சுகீசியச் சொற்களையே கையாண்டார். வழிபாட்டைக் குறிக்கும் 'மிசா' என்னும் சொல் தமிழர் காதில் 'மீசை' என ஒலித்ததாகச் சொல்லப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், பொருள் விளங்காச் சொல்லைப் புனிதச் சொல்லாக நிறுத்துவதில் உள்ள இடர் அதில் தெளிவாகப் புலப்படுகிறது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இம்முறையை மாற்றினார். 'மிசா' பூசையாயிற்று, இறைவன் 'சர்வேசுரன்' ஆனான், 'ஞான' என்னும் முன்னடை பல தொடர்களை ஈன்றது. ஞானோபதேசம், ஞானப்பெற்றோர் போன்றவை இவ்வகையின. இறையருளைக் குறிக்க 'இஷ்டப்பிரசாதம்', புனிதத்தைக் குறிக்க 'அர்ச்சிஷ்ட' முதலான வடசொற்கள் கத்தோலிக்கச் செப நூல்களில் வேரூன்றின. போர்ச்சுகீசியம் முற்றும் மறைந்துவிடவில்லை. 'பாதிரி', 'குருசு' ஆகியன இன்றும் வழங்குகின்றன. 'குருசு' என்பதன் இணைச்சொல்லாகிய 'சிலுவை' சுரியானி மொழியிலிருந்து வந்தது; கேரளத் தோமா கிறித்தவர் மரபோடு இருந்த தொடர்புக்கு அது சான்று. ஒரே பொருளைச் சுட்டும் இவ்விரு சொற்களும் இரு வேறு கடல்வழிகளில் வந்து ஒரே கோயிலில் நிலைத்தமை மொழியியலார்க்கு இனிய செய்தியாகும்.

இறைவனுக்கு ஒரு பெயர்

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711இல் முடித்தார். அது 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதற் புதிய ஏற்பாடு அதுவே. இலுத்தரன் சபையினராகிய அவர் கத்தோலிக்கர் வழங்கிய 'சர்வேசுரன்' என்னும் சொல்லையே தொடக்கத்தில் மேற்கொண்டார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கொள்கையில் முரண்பட்டோர் சொல்லில் ஒன்றுபட்டிருந்த காலம் அது. ஆயினும் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. வீரமாமுனிவர் தம் 'வேத விளக்கம்' என்னும் நூலில் தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ் நடையை எள்ளி நகையாடினார். தேம்பாவணி பாடியவர் அச்சொற்றொடர்களைக் கண்டு நகைத்ததில் வியப்பில்லை. ஆனால் சீகன்பால்கின் நோக்கம் புலவர்க்கு விருந்தளிப்பதன்று. எழுத்தறிவு குறைந்த எளியோரின் காதில் ஏறும் நடையே அவர்க்கு வேண்டியிருந்தது. 'யாருடைய தமிழ்?' என்னும் வினா இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

பின்னர் வந்த பப்ரிசியுசு 'பராபரன்' என்னும் சொல்லைத் தேர்ந்தார். சைவ மரபில் பழகிய சொல் அது. தாயுமானவரின் 'பராபரக்கண்ணி' என்னும் தலைப்பே போதிய சான்று. பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை இலுத்தரன் சபையினர் பொன்னெனப் போற்றினர். 1850இல் யாழ்ப்பாணத்துப் பெர்சிவலின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆறுமுக நாவலர் அப்பணிக்கு உதவினார். அதில் 'பராபரன்' நீங்கி 'தேவன்' புகுந்தது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள மூலச்சொல் மெய்யான இறைவனையும் பிற தெய்வங்களையும் ஒருங்கே குறிக்கவல்லது. 'பராபரன்' என்பதற்குப் பன்மை இல்லை. 'தேவன்' என்பதற்குத் 'தேவர்கள்' என்னும் பன்மை உண்டு. மொழிபெயர்ப்பாளர் நோக்கில் இது வலுவான காரணமேயாம். அதே காரணத்தால் அச்சொல் வலுவிழக்கவும் செய்கிறது. முப்பத்து முக்கோடித் தேவர்களுள் ஒருவன் என்னும் பொருள் 'தேவன்' என்பதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. தென் மாவட்டங்களில் அது சாதிப் பட்டமாகவும் வழங்குகிறது என்பதை வெளிநாட்டு அறிஞர் எந்த அளவு கருதினர் என்பது வேறு செய்தி.

சென்னை வேதாகமச் சங்கம் பெர்சிவலின் மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. ஆயின் அதன் சொல் நிலைத்தது. என்றி பவர் தலைமையிலான குழு பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை அடித்தளமாகக் கொண்டு 1871இல் நிறைவு செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' இடம்பெற்றது. முத்தையா பிள்ளை இக்குழுவில் தமிழறிஞராக உழைத்தார். இம்மொழிபெயர்ப்பே இன்றளவும் சீர்திருத்தச் சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் ஓதும் வேதாகமம்.

இலக்கண நிலையிலும் ஒரு குறிப்பு ஈண்டுச் சொல்லத்தக்கது. 'தேவன் சொன்னார்' என்னும் தொடரில் எழுவாய் 'அன்' ஈற்று ஆண்பால் ஒருமை. பயனிலை 'ஆர்' ஈற்று உயர்வு ஒருமை. பொது வழக்கில் 'அரசன் சொன்னான்', 'அரசர் சொன்னார்' என இயைந்தே வருதல் மரபு. கிறித்தவர் வழக்கிலோ இவ்வியைபின்மையே இயல்பாகிவிட்டது. வழிபடுவோர் காதில் அது பிழையாகத் தோன்றுவதில்லை. அது இறைவனுக்கே உரிய தனி இலக்கணமாக நிற்கிறது. 'கடவுள்' என்னும் சொல்லுக்கு இந்நெருக்கடி இல்லை. அது பால் ஈறு பெறாதது. 'சொன்னார்' என்பதோடு எளிதில் இயையும். எனினும் பால் சுட்டாமை என்னும் இந்தச் சிறப்பு மட்டும் அதனைச் சபையாரிடம் கொண்டு சேர்க்கப் போதவில்லை.

தஞ்சையின் எதிர்ப்பு

புதிய மொழிபெயர்ப்பைச் சபை மறுப்பது 20ஆம் நூற்றாண்டில் தோன்றியதன்று. பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியுசு (1790–1838) பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பைத் திருத்த முனைந்தார். மறைநூல் மொழிபெயர்ப்பின் நெறிகளைப் பற்றி 1827இல் அவர் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். மூலத்தின் சொல்லைப் பின்பற்றுவதினும் பெறுமொழியின் இயல்புக்கேற்பப் பொருளைத் தருவதே நன்று என்பது அவர் சாய்வு. யூசின் நைடா 1960களில் இயங்கு நிகர்மை என்னும் கோட்பாட்டை வகுத்தார். அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே திருநெல்வேலியில் அதனையொத்த சிந்தனை செயற்பட்டது. மொழிபெயர்ப்பியல் வரலாறுகளில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை.

இரேனியுசின் திருத்தத்தைத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்தார். அவர் பப்ரிசியுசின் சொற்களில் வளர்ந்தவர். அச்சொற்களைக் கொண்டே கீர்த்தனைகள் பாடியவர். வேதத்தைத் திருத்துவது அவர்க்கு வேதத்தையே கெடுப்பதாகத் தோன்றியது. இவ்வெதிர்ப்பின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. புதிய மிசனெரிமார் வேதத்தைத் திருத்தியதையும், சாதி வேறுபாட்டை ஒழித்து அனைவரையும் ஒன்றாக அமரச் செய்ய முயன்றதையும், தமிழிசையை விலக்கியதையும் அவர் ஒரே மூச்சில் குறைகூறினார். சபைக்குள் சாதி பாராட்டலாகாது எனப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றுமடல் அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னையிலும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. ஆகவே பழஞ்சொல்லைக் காத்தல் சில வேளைகளில் பழைய இருக்கை வரிசையைக் காத்தலோடு பிணைந்திருந்தது. இதனை நினைவிற் கொள்ளாமல், சபையாரின் மொழிப் பற்றை வெறும் பக்தியாகக் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அதனை முழுவதும் சாதி உணர்வாகவே காண்பதும் தவறாகும். ஏனெனில் அதே பழஞ்சொற்கள் பிற்காலத்தில் யாருடைய வாயில் உயிர்பெற்றன என்பது பின்னர்ப் பேசப்படும்.

இங்கு மற்றொரு செய்தியும் உண்டு. வேதாகமத்திலிருந்து விலகிய 'பராபரன்' கீர்த்தனைகளிலிருந்து விலகவில்லை. பாட்டின் சொல்லை மாற்றினால் தாளம் கெடும், மோனை கெடும். எனவே இன்றும் ஒரே ஆராதனையில் பாடும்போது 'பராபரன்' என்றும் வாசிக்கும்போது 'தேவன்' என்றும் வருவதைச் சபையார் பொருட்படுத்துவதில்லை.

1995: பொது மொழிபெயர்ப்பு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலார்சன் தலைமையிலும் பின்னர் மொனாகன் தலைமையிலும் உருவான திருத்திய மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்னும் சொல்லை ஏற்றது. அறிஞர் அதனைப் பாராட்டினர். சபைகள் பழையதையே ஓதின. தனித்தமிழ் இயக்கம் 1916 தொடங்கிப் பரவிய நாட்டில், மேடைத் தமிழும் இதழ்த் தமிழும் வடசொற்களைக் குறைத்துக்கொண்டு வந்த காலத்தில், கிருபையும் இரட்சிப்பும் பரிசுத்தமும் விசுவாசமும் சீர்திருத்தச் சபைகளில் அசையாமல் நின்றன. சபைக்கு வெளியே வழங்கிய தமிழுக்கும் சபைக்குள் வழங்கிய தமிழுக்கும் இடையே இடைவெளி விரிந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் மாற்றம் வேறு வழியில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது. இலத்தீனிலிருந்து தமிழுக்கு வழிபாடு மாறியபோது பழைய கிரந்தச் சொற்களைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லாமற் போயிற்று. பூசை 'திருப்பலி' ஆயிற்று. ஞானஸ்நானம் 'திருமுழுக்கு' ஆயிற்று. 'அர்ச்சிஷ்ட' என்பது 'புனித' என மாறியது. எல்லாம் புதிதாக அமைந்த வேளையில் சொற்களும் புதிதாக அமைந்தன. சீர்திருத்தச் சபையினர்க்கு அத்தகைய வாய்ப்பு நேரவில்லை. அவர்கள் தொடக்கம் முதலே தமிழில் வழிபட்டவர்கள். தாய்மொழியில் முன்னதாக வழிபடத் தொடங்கியவர்களே பழந்தமிழ் நடையில் தங்கிவிட்டனர் என்பது இவ்வரலாற்றின் ஒரு முரண்.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபை அறிஞரும் இணைந்து உழைத்து 1995இல் 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். இந்திய வேதாகமச் சங்கமும் திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இதில் பங்கேற்றன. இறைவனுக்குக் 'கடவுள்', 'ஆண்டவர்' என்னும் சொற்கள் கொள்ளப்பட்டன. ஆதியாகமம் 'தொடக்கநூல்' ஆனது. யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்' ஆனது. சுவிசேஷம் 'நற்செய்தி'யாகவும், அப்போஸ்தலர் 'திருத்தூதர்' ஆகவும், தீர்க்கதரிசி 'இறைவாக்கினர்' ஆகவும் வந்தனர்.

இம்மாற்றங்களுள் மொழிபெயர்ப்பாளர் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் மூன்று பண்புகள் சொல்லப்படுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. புதியதில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. 'விசுவாசம்' வடசொல் என நீக்கப்பட்டது. அதனிடத்தில் 'நம்பிக்கை' அமர்ந்தது. ஏற்கெனவே அங்கிருந்த 'நம்பிக்கை' இடம்பெயர, 'எதிர்நோக்கு' என்னும் புத்தாக்கம் தேவைப்பட்டது. ஒரு சொல்லை நீக்கியதால் இரு சொற்களின் பொருள் எல்லை மாறிற்று. பழையதை மனப்பாடமாக அறிந்த ஒருவர் புதியதைக் கேட்கும்போது, 'நம்பிக்கை' என்னும் சொல் அவர்க்கு முன்பு சுட்டிய பொருளைச் சுட்டாமல் வேறொன்றைச் சுட்டுகிறது. அறியாத சொல்லைக் கற்றுக்கொள்ளலாம். அறிந்த சொல் பொருள் மாறி வருவதே கடினம். தனிச்சொற்களை ஒன்றுக்கொன்று ஈடாக வைத்துப் பார்க்கும் அகராதி நோக்கு, சொற்கள் ஒரு தொகுதியாக இயங்குவதை இங்குப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை எனலாம்.

வேறு சில இடங்களில் புதிய மொழிபெயர்ப்பு தெளிவான ஆதாயம் தந்தது. கிரேக்க வேற்றுமைத் தொடரை அடியொற்றிப் பழையதில் அமைந்த 'கிறிஸ்துவுக்குள்' என்னும் வடிவம் பிறர்க்கு விளங்காதது. 'கிறிஸ்துவோடு இணைந்து' என்பது விளங்குவது. ஆயினும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்னும் தொடரை இரங்கல் சுவரொட்டியில் காணும் எவரும் இறந்தவர் எச்சபையினர் என்பதை அக்கணமே அறிவர். விளங்காத வேற்றுமை உருபே அடையாளக் குறியாகவும் இயங்குகிறது. விளக்கம் கூடக்கூட அடையாளம் தேய்கிறது. மொழிபெயர்ப்பாளர் குழுக்கள் முன்னதை அளந்தன, பின்னதை அளக்கவில்லை.

விளைவு யாவரும் அறிந்ததே. பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரின் மொழிபெயர்ப்பாக நிலைபெற்றது. சீர்திருத்தச் சபைகளில் அது படிப்பறைக்கும் இறையியற் கல்லூரிக்கும் உரிய நூலாக நின்றது. ஆராதனைப் பீடத்தில் 1871ஆம் ஆண்டு வழிவந்த நூலே விரிந்து கிடக்கிறது. அந்நூலின் உரிமைக்காலம் முடிந்துவிட்டமையால் இன்றைய கைப்பேசிச் செயலிகளில் இலவசமாக முதலில் கிடைப்பதும் அதுவே. புதிய கருவி பழைய மொழிநடைக்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயுள் தந்திருக்கிறது.

அவனும் அவரும்

கிரேக்க மூலத்தில் படர்க்கைப் பெயரில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தாக வேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பு ஓர் எளிய கோடு போட்டது: இறைவனுக்கும் இயேசுவுக்கும் 'அவர்', ஏனையோர்க்கு 'அவன்', 'அவள்'. பேதுருவும் அவன், ஏரோது மன்னனும் அவன், கண்பார்வையற்ற பிச்சைக்காரனும் அவன். இறைவன் முன் மனிதர் யாவரும் ஒரே நிலையர் என்னும் கொள்கை இதில் தற்செயலாகவேனும் அமைந்துள்ளது. ஆனால் 'அவன்', 'அவள்', 'நீ' ஆகியவற்றை ஆண்டைகளின் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்த மக்களின் காதில் அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதும் எண்ணத்தக்கது. 1995ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு சீடர்க்கும் பெண்டிர்க்கும் 'அவர்' என்றது. 'சகோதரரே' என்னும் விளி 'சகோதர சகோதரிகளே' என விரிந்தது. கிணற்றடியில் இயேசுவோடு உரையாடிய சமாரியப் பெண் மரியாதைப் பன்மை பெற்றார். இது பாராட்டத்தக்க மாற்றமே. எனினும் ஏரோது அங்கும் 'அவன்' ஆகவே தொடர்கிறான். மரியாதை ஈறு இதனால் நடத்தைக்குத் தரும் மதிப்பெண்ணாகிவிடுகிறது. நல்லோர் யார், தீயோர் யார் என்பதைக் கதை சொல்லுமுன் வினைமுற்று சொல்லிவிடுகிறது. மூலநூலார் வாசகர்க்கு விட்டுவைத்த தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொள்ளும் இந்நிலைக்குத் தமிழ் இலக்கணம் முழுத் தீர்வு தர இயலாது.

ஆட்பெயர்களிலும் இத்தகைய உரசல் உண்டு. கத்தோலிக்கர் நெடுங்காலம் பேதுருவை 'இராயப்பர்' என்றும், பவுலைச் 'சின்னப்பர்' என்றும், யோவானை 'அருளப்பர்' என்றும், யோசேப்பைச் 'சூசையப்பர்' என்றும் அழைத்தனர். பவுல் என்னும் இலத்தீன் பெயரின் பொருள் சிறியவர். யோவான் என்பதன் பொருளில் இறையருள் உண்டு. பாறை எனப் பொருள்படும் பேதுருவுக்குத் தெலுங்கின் 'ராயி' அடிச்சொல்லாயிற்று என்பர். ஒலிபெயர்ப்பின்றிப் பொருள்பெயர்ப்பால் அமைந்த இவ்வாட்பெயர்கள் தமிழ்ப் பெயரியலில் அரிய படைப்புகள். பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கர் இவற்றை விட்டுக்கொடுத்துச் சீர்திருத்தச் சபையினரின் ஒலிபெயர்ப்பு வடிவங்களை ஏற்றனர். ஒற்றுமைக்காகத் தரப்பட்ட விலை இது. சூசை என்றும் இராயப்பன் என்றும் சின்னப்பன் என்றும் பெயர் தாங்கிய பல்லாயிரவர் தம் பெயரைத் தம் மறைநூலில் இன்று காண இயலாது.

பெயர்ச் சிக்கலின் கொடிய வடிவம் சட்டத்தால் வந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது. கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் விரியவில்லை. இதனை ஆராய ஒன்றிய அரசு 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. இதன் விளைவாகத் தலித் கிறித்தவர் பலர் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் கோயிற் பதிவேட்டில் மற்றொரு பெயருமாக வாழ்கின்றனர். திருமுழுக்கில் பெற்ற பெயர் வழிபாட்டுக்கும் குடும்பத்துக்கும் மட்டும் உரியதாகிறது. அலுவலகத்தில் அது ஒலிப்பதில்லை. சமூக மொழியியலார் இரட்டை வழக்கு எனப் பேசுவது இங்கு ஒருவரின் பெயருக்குள்ளேயே நிகழ்கிறது.

புதிய சபைகள், பிற மாநிலங்கள்

பெந்தெகொஸ்தே சபைகளின் வளர்ச்சி பழஞ்சொற்களுக்குப் புதிய ஆதரவாளரைத் தந்துள்ளது. இங்குக் கற்றவர் செய்யும் பிழைக் கணிப்பு ஒன்று உண்டு: வடசொல் மிகுந்த நடை மேட்டிமையோர்க்கு உரியது, தனித்தமிழ் நடை எளியோர்க்கு உரியது என்பது அது. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் கண்ணீரோடு 'கர்த்தாவே', 'கிருபை', 'ஸ்தோத்திரம்' என்று உரக்கச் சொல்லும் கூலித் தொழிலாளர்க்கு அவை வடசொற்கள் அல்ல, செபத்தின் தாய்மொழி. தஞ்சைச் சாத்திரியார் காத்த சொற்கள், அவர் ஒன்றாக அமர மறுத்த மக்களின் வழித்தோன்றல்களிடம் இன்று வாழ்கின்றன. 'எதிர்நோக்கு' என்பது தமிழ் வேரிலிருந்து வந்ததாயினும் அவர்க்கு அது புத்தகச் சொல்லே. இச்சபைகளில் ஆங்கிலப் பேச்சை வாக்கியம் வாக்கியமாக உடனுக்குடன் பெயர்ப்பதும் ஒரு மரபாகிவிட்டது. அதன்வழி 1871ஆம் ஆண்டின் சொற்களும் இன்றைய ஆங்கிலத் தொடரமைப்பும் கலந்த ஒரு பேச்சுநடை உருவாகியுள்ளது. ஒலிப்பதிவுகள் ஏராளமாகக் கிடைத்தும் அதனை விரிவாக ஆராய்வார் அரியர்.

தமிழ்நாட்டுக்கு வெளியே சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. இலத்தீனில் வழிபாடு நடந்தவரை பெங்களூரின் கத்தோலிக்கக் கோயில்களில் எம்மொழிக்கு எந்நேரம் என்னும் வினா எழவில்லை. தாய்மொழி வழிபாடு வந்தபின் கன்னடம், தமிழ், கொங்கணி, ஆங்கிலம் ஆகியவற்றுக்கிடையே கடும் பூசல் மூண்டது. தமிழர் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டினர். கன்னடர் மண்ணைச் சான்றாகக் காட்டினர். இரண்டும் நியாயமான சான்றுகளே. கோவாவில் பூசல் எழுத்தைப் பற்றியது. 1987ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரியில் எழுதப்படும் கொங்கணியை ஏற்றது. கத்தோலிக்கரின் செபமும் பாட்டும் உரோமன் எழுத்துக் கொங்கணியில் தொடர்கின்றன. கேரளத்துச் சீரோ மலபார் சபையில் 1962இல் குர்பானா சுரியானியிலிருந்து மலையாளத்துக்கு வந்தது. 2021 முதல் அங்கு எழுந்துள்ள பூசல் குரு எத்திசை நோக்கி நிற்பது என்பது பற்றியது. எனினும் சுரியானி மரபு எவ்வளவு, இலத்தீன் மரபு எவ்வளவு என்னும் பழைய வினாவே அதனடியிலும் கிடக்கிறது.

நகரத் தமிழ்ச் சபைகளின் இன்றைய நெருக்கடி இவற்றினும் அடிப்படையானது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற இளையோர் தமிழைப் பேசுவர், பாடுவர், விரைந்து வாசிக்க மாட்டார். இவர்க்காகப் பல கோயில்களில் பாடல்களை உரோமன் எழுத்தில் பெயர்த்துத் திரையில் காட்டுகின்றனர். தமிழ்க் கிறித்தவ எழுத்து 1554இல் உரோமன் எழுத்தில் தொடங்கியதை அறிந்தோர்க்கு இது பழகிய காட்சியே. அன்று அவ்வெழுத்து தமிழ் கற்க வந்த அயலார்க்குப் பயன்பட்டது. இன்று தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்குப் பயன்படுகிறது. கார்த்தில்யாவை ஆக்கியோர் லகர, ழகர, ளகரங்களை உரோமன் எழுத்தில் வேறுபடுத்த இடர்ப்பட்டது போலவே இன்று திரை எழுதுவோரும் இடர்ப்படுகின்றனர். 'பலி', 'பழி' ஆகிய இரண்டும் திரையில் சில வேளைகளில் ஒரே வடிவில் வருகின்றன. முதியோர் பொருளறிந்து சரியாகப் பாடுகின்றனர். இளையோர் திரையைப் பார்த்துப் பாடுகின்றனர்.